பீப்பாய்க்குப் போன சூடு

பீர் காய்ச்சுவதில் பாதி வேலை பாத்திரம் கழுவுவது, சார்ஜென்ட். மீதி வேலை சும்மா இருப்பது. கழுவுவது எனக்கு நன்றாக வரும். சும்மா இருக்கத்தான் வராது. என் கணவர் கிளைவ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"நீ இப்படி மொறச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா வெர்னா? அந்தப் பக்கம் போய் வேற வேலையப் பாரு."

இந்தத் தடவை பீர் போட்டது நான். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் எப்போதும் அவர்தான் போடுவார். சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்துத் தூசியெல்லாம் நெஞ்சில் தங்கிப்போய், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய் வருவதே அவருக்குப் பெரிய பயணமாகிவிட்டது. அதனால் பின்னறையில் தலையணைகளில் சாய்ந்துகொண்டு அவர் உத்தரவு போடுவார். நான் அடுப்புக்கும் அவர் அறைக்கும் நடப்பேன். "மால்ட்ட மெதுவா ஊத்துடி, அடி புடிக்குது, வாசன இங்க வரைக்கும் வருது" என்று கத்துவார். கத்தியதற்கு அபராதமாகக் கொஞ்ச நேரம் இருமுவார்.

அது கருப்பு பீர். பால் சர்க்கரை சேர்த்தது. குடித்தால் நாக்கில் லேசாக இனிப்பு நிற்கும். எங்கள் ஒரே மகள் ரோவீனாவுக்கு அது உயிர்.

ரோவீனா பெர்த்தில் இருக்கிறாள். ஆறு வருஷமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. அவள் கூட்டிக்கொண்டு வந்த பையனைப் பற்றி எங்கள் சமையலறை மேஜையில் வைத்து நான் ஒரு வார்த்தை சொன்னேன். என்ன வார்த்தை என்று எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு ஞாபகமிருக்கிறது. அவனையே கட்டிக்கொண்டாள். டில்லி என்று ஒரு பெண் குழந்தை. போட்டோவில் பார்த்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் போன் செய்வாள். நான் மடித்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நிற்பேன். இரண்டு பேரும் சிரிப்பார்கள். கடைசியில் கிளைவ் சொல்வார்: "உங்கம்மா இங்கதான் நிக்கறா, குடுக்கவா?" அந்தப் பக்கம் என்ன பதில் என்று எனக்குக் கேட்காது. போனை வைத்துவிட்டு, "டில்லி அழறாளாம்" என்பார். டில்லி ஒவ்வொரு வாரமும் சரியாக அந்த இடத்தில் அழுவாள்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தார். "உன் கருப்பு பீரு ரெடியானதும் சொல்லுப்பா, அடுத்த ஃபிளைட்டப் புடிச்சு வந்துடறேங்கறா. பீருக்கு வராளாம், எனக்கில்லையாம்." அவருக்கு அது வேடிக்கை. நான் அன்றைக்கே கொட்டகைக்குப் போய்ப் பீப்பாயை இறக்கிக் கழுவினேன்.

நீங்கள் பர்னியிலிருந்து வந்திருக்கிற போலீஸ்காரர். எங்கள் ஊர் ஸீஹனின் குளிர் உங்களுக்குப் பழக்கமிருக்காது. இங்கே குளிர்காலம் ஜூன், ஜூலையில்தான்; அப்போது மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். எங்கள் வீடு அந்தக் காலத்துப் பலகை வீடு. முன்னறையில் விறகு கணப்பு இருக்கிறது. ஆனால் புகை கிளைவின் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். "அறை எப்பவும் சூடா இருக்கணும், குளிர் ஏறினா இவரோட நுரையீரல் தாங்காது" என்று என்னிடம்தான் சொன்னார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை. அதனால் பின்னறையில் ஒரு ஹீட்டரும், கட்டிலில் எலெக்ட்ரிக் போர்வையும். வீட்டின் பின்பக்கத்துக்கும் கொட்டகைக்கும் ஒரே பழைய மின்கம்பி. அதில் இரண்டு ஹீட்டர் போட்டால் ஃபியூஸ் போய்விடும்.

பீப்பாய் கொட்டகையில் இருந்தது. ஈஸ்ட் போட்டதும் மூடியில் இருக்கிற காற்றுக்குழாய் குளுக், குளுக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அவள் படியேறி வருகிற சத்தம் மாதிரி இருக்கும்.

பிறகு அது நின்றுவிட்டது.

ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. பீரில் மிதக்க விட்டால் இன்னும் எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று காட்டும். உள்ளே ஒரு காகிதத்தில் கோடுகள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்னக் குழாய் கீழே இறங்க வேண்டும். எங்களுடையது பாதியிலேயே நின்றுவிட்டது, அதற்குமேல் இறங்கவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், இனித்தது.

"அப்படியே பாட்டில்ல அடைக்கக் கூடாதா?" என்று கிளைவிடம் கேட்டேன்.

"அடைக்கலாமே. ரோவீனா தொறக்கும்போது வெடிச்சு அவ மூஞ்சில கண்ணாடி குத்தினா ரொம்ப நல்லா இருக்கும். பொறுமையா இரு கிழவி. தூங்குது. எழுந்துக்கும்."

பர்னியில் பீருக்கு மால்ட், ஈஸ்ட் எல்லாம் விற்கிற டகனுக்குப் போன் செய்தேன்.

"எத்தன தடவ மூடியத் தொறந்த?" என்றான்.

"தொறக்கவே இல்ல."

"பொய் சொல்லாத வெர்னா. நீ தொறந்திருப்ப. குளிருக்கு ஈஸ்ட் படுத்துருச்சு, அவ்வளவுதான். சூடு காட்டு. மெதுவா ஒரு கலக்கு கலக்கு. அப்பவும் எழுந்துக்கலன்னா புது ஈஸ்ட்ட ஒரு ஜாடில பொங்க வெச்சு ஊத்து."

எல்லாம் செய்தேன். பீப்பாயைக் கட்டிப்பிடித்து ஆட்டினேன். கோட், கம்பளம், கிளைவின் பழைய சுரங்கச் சட்டை எல்லாவற்றையும் அதன்மேல் சுற்றினேன். ஜாம் ஜாடியில் புது ஈஸ்ட்டைக் கரைத்து, அதற்குக் குளிரக் கூடாதே என்று ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அதோடேயே வேலை செய்தேன். பொங்கி நுரைத்தது. ஊற்றினேன். இரண்டு குமிழ் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. குழாய் அதே கோட்டில் நின்றது. கொட்டகைத் தரையில் உட்கார்ந்து பீப்பாயின்மேல் காதை வைத்துக் கேட்டேன், சார்ஜென்ட். உள்ளே ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று. "எழுந்துக்கோ, எழுந்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் கும்பிடுகிற பழக்கமுள்ளவள் இல்லை. அன்றைக்கு ஏறக்குறைய அதைத்தான் செய்தேன்.

போர்வையைக் கொடுத்தது கிளைவ்தான். அது பதிவாக வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "எதுக்கு இப்படி மூக்கச் சிந்தற? இந்த எலெக்ட்ரிக் போர்வைய எடுத்துட்டுப் போய் அதுக்குச் சுத்து. எனக்கு ஹீட்டர் இருக்கு."

சுற்றினேன். குழாய் இறங்கவில்லை.

ஹீட்டரையும் அவர்தான் கொடுத்தார், ஒரு மத்தியானத்துக்கு. "இங்க கொண்டு வந்து வெச்சிடேன், நானும் உன் பீரும் ஒண்ணாக் குளிர் காயறோம்" என்று முதலில் சொன்னார். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள், ஏன் பீப்பாயை அறைக்குள் கொண்டுபோகவில்லை என்று. நிறைந்த பீப்பாய் கனம். பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம், உண்மைதான். ஆனால் ஈஸ்ட் வாசனை அவருக்கு இருமலைக் கிளப்பும் என்று நினைத்தேன். அவர் உடம்பை நினைத்துத்தான் அப்படி முடிவு செய்தேன்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். "வெர்னா, ஹீட்டரக் கொண்டு வந்துடு. கால் ஜில்லுன்னு இருக்கு."

"இன்னும் கொஞ்ச நேரம். இப்பத்தான் சூடு ஏற ஆரம்பிச்சிருக்கு."

இரண்டு சாக்ஸ் போட்டுவிட்டேன். வெந்நீர்ப் பை வைத்தேன். மறுநாள் காலையில் பீர் பதினெட்டு டிகிரிக்கு மேல் இருந்தது. ஒரு குமிழ் வந்தது. என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் ஹீட்டரை எடுக்க எப்படி மனசு வரும்? ஈஸ்ட்டுக்குத் திடீரென்று குளிர் அடித்தால் அதோடு முடிந்துபோகும் என்று டகன் சொல்லியிருந்தான்.

அவர் அறையில் எத்தனை டிகிரி என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. எங்களிடம் இருந்தது ஒரே வெப்பமானி. அது பீரில் இருந்தது.

அதற்கப்புறம் கிளைவ் தினமும் கேட்டார். முதலில் கிண்டலாக. "அந்தப் பீப்பாயையே கட்டிக்கோ. உன்ன நல்லா வெச்சுக்கும்." பிறகு கிண்டல் இல்லாமல். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்காதபோது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவர் அறைக் கதவைச் சாத்தி வைத்தேன், குளிர் வீடு முழுக்கப் பரவாமல் இருக்க.

ஜாய்லீன் விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். அவள் வாரத்துக்கு இரண்டு முறை வந்து கிளைவைப் பார்க்கிற நர்ஸ். அவள் வருகிற நாட்களில் விடிந்ததும் ஹீட்டரை அறைக்குக் கொண்டுவந்துவிடுவேன். "அறை நல்லா வெதுவெதுப்பா இருக்கு, வெர்னா. உன்ன மாதிரி எல்லாரும் பாத்துக்கிட்டா எனக்கு வேலையே இல்ல" என்பாள். ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொடுத்து அனுப்புவேன். அவள் கார் தெருமுனை திரும்பியதும் ஹீட்டர் கொட்டகைக்குப் போய்விடும். நர்ஸுக்குக் குளிரக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் நம்பவில்லை என்று தெரிகிறது, பரவாயில்லை.

கிளைவ் ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று எனக்கும் புரியவில்லை. ஒரு தடவை அவள் நாடி பிடிக்கும்போது வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரி இப்ப பீர் காய்ச்சறா தெரியுமா? என்னவிட நல்லா வரும்" என்றார். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர்.

அடுத்த ஞாயிறு ரோவீனா போன் செய்தபோது நான் எடுத்தேன். அவருக்குப் பேச மூச்சில்லை. பேசினால் அவள் பயந்துவிடுவாள்.

"தூங்கறாரு" என்றேன்.

"பகல்லயா?"

"மருந்து அப்படி."

பிறகு சொன்னாள்: "அம்மா, அப்பாவுக்கு ரொம்ப முடியலன்னா உடனே எனக்குச் சொல்லணும். மறைக்கக் கூடாது. எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவேன்."

"சரி" என்றேன். டில்லிக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டேன். "அவளுக்கு நாலு வயசாகுதும்மா" என்றாள். ஆனாலும் கோபப்படவில்லை. அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும், என்ன சாப்பிடுவாள் என்றெல்லாம் சொன்னாள். ஆறு வருஷத்தில் நாங்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான். போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கிளைவின் உதடு நீலமாக இருந்தது. என் கையைப் பிடித்து இழுத்தார். "தண்ணி" என்றார். கொண்டுவந்தேன். தலையை ஆட்டினார். "தண்ணில... போடு." மறுபடியும் கோப்பையை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். பாவம், பிதற்றுகிறார் என்று நினைத்தேன். ஜாய்லீன் அன்றைக்கு வரவில்லை. ரோஸ்பெரி ஊர்ப் பக்கம் சாலையில் மரம் விழுந்துவிட்டதென்று விடிவதற்கு முன்பே போன் செய்தாள். "எப்படி இருக்காரு?" என்றாள். "அப்படியேதான்" என்றேன்.

வியாழக்கிழமை காலையில் டீ கொண்டுபோனேன். இறந்திருந்தார். டாக்டர் நிமோனியா என்று எழுதினார்.

ரோவீனா மறுநாளே வந்துவிட்டாள். குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, கிடைத்த ஃபிளைட்டில் ஏறி, லான்செஸ்டன் விமான நிலையத்திலிருந்து அந்த மழையில் தானே காரோட்டிக்கொண்டு. வாசலிலேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைமுடி ஈரமாக இருந்தது. "நீ தனியா எல்லாத்தையும் பாத்துக்கிட்டியேம்மா" என்று அழுதாள். சூப் வைத்திருந்தேன். இரண்டு கிண்ணம் குடித்தாள். அவளுடைய பழைய அறையில் படுக்க வைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன்.

ஒரு நாள் அப்படி இருந்தது.

பிறகு அவள் அப்பாவுடைய பீரைச் சாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். போகாதே என்று எப்படிச் சொல்வது? பின்னாலேயே போனேன். அவள் பீப்பாய்க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவோட போர்வை ஏன் இதச் சுத்தி இருக்கு?"

"பீர் நின்னு போச்சு. சூடு வேணும்னு அப்பாதான் குடுத்தாரு."

"ஹீட்டரு?"

"அதுவும்தான்."

அவள் வீட்டுக்குள் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள். கட்டில் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சுவரில் ஈரம் வழிந்திருந்தது.

"இதுலயா படுக்க வெச்சிருந்த? இந்த ரூம்லயா?" என்றாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. "எவ்ளோ நாளா?"

நான் சூப்பைச் சூடு பண்ணப் போனேன். திரும்பி வந்தபோது அவள் தெருவில் காருக்குள் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். உங்களோடுதான் என்று அப்புறம் தெரிந்தது.

இதுவரை சொன்னதை உங்களோடு வந்த அந்தப் பெண் அதிகாரியிடமும் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மாதிரி. ஒரு கிழவி பீர்ப் பைத்தியத்தில் புத்தி தடுமாறிச் செய்துவிட்டாள் என்று அவர் நினைக்கிறார். அப்படியே எழுதிக்கொண்டால் எனக்கு நல்லதுதான். ஆனால் ரோவீனா அதைப் படிப்பாள். அவள் என்னை முட்டாள் என்று நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் செவ்வாய்க்கிழமையைச் சரியாகச் சொல்கிறேன்.

தண்ணியில் போடு என்று கிளைவ் சொன்னது எனக்குப் புரிந்தது. முதலில் புரியவில்லை. கோப்பையைக் கழுவும்போது புரிந்தது. கொட்டகைக்குப் போய் ஹைட்ரோமீட்டரை எடுத்து வெறும் குழாய்த் தண்ணீரில் மிதக்க விட்டேன். வெறும் தண்ணீரில் அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. தண்ணீரிலும் சர்க்கரை இருக்கிறது என்று காட்டியது. உள்ளே இருந்த காகிதம் எப்போதோ இடம் நகர்ந்திருக்கிறது. பீர் நின்றுபோகவே இல்லை. தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. நாக்கில் நின்ற இனிப்பு பால் சர்க்கரை. அதை ஈஸ்ட் தொடாது. கிளைவ் படுத்த படுக்கையில் யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஈரக் கையோடு ஓடிப்போய் ரோவீனாவுக்குப் போன் செய்தேன். வரும்போதே ஹீட்டரை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்; ஆனால் போன் செய்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"பீர் ரெடி" என்றேன். "அப்பாவோட கருப்பு பீர். எப்ப வரே?"

"என்னம்மா?"

"ரெடியானா அடுத்த ஃபிளைட்டுல வரேன்னு சொன்னியே."

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "ஐயோ அம்மா, அது நானும் அப்பாவும் சும்மா பேசிக்கறது. வருஷா வருஷம் சொல்வேன். இப்ப எங்க வர முடியும், லீவே இல்ல. கிறிஸ்மஸுக்குப் பாக்கலாம். அப்பா எப்படி இருக்காரு?"

அவளே அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் நடையில் நின்றுகொண்டிருந்தேன். சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவேன் என்று ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதும் காதில் இருந்தது.

"நல்லா இருக்காரு" என்றேன். "இன்னும் ரெண்டு நாள்ல உனக்குச் சொல்றேன்."

ஹைட்ரோமீட்டரைக் கழுவித் துடைத்து உறையில் போட்டேன். கொட்டகையைப் பூட்டினேன். ஹீட்டர் அதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஓடியது. நான் அவரை எதுவும் செய்யவில்லை, சார்ஜென்ட். சும்மா இருந்தேன்.

ஊர் ஹோட்டலில் ரோவீனா அறை எடுத்திருக்கிறாள் என்று உங்கள் அதிகாரி சொன்னார். டில்லியையும் வரவழைக்கிறாளாம். வழக்கு என்று வந்தால் சாட்சி சொல்ல அவள் இங்கே இருந்துதான் ஆக வேண்டும், இல்லையா? என்னைப் பார்த்துக்கொண்டுதானே சொல்ல வேண்டும்? அதெல்லாம் சீக்கிரம் முடிகிற காரியமில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் நிதானமாகவே எழுதுங்கள்.